ஏர் ரைபிளின் முன்கட்டை ஆடுகிறதா? ஸ்க்ரூவை முறுக்குவதற்கு முன்னால் இதைப் படியுங்கள்

கடலூரில் ஐப்பசி பிறந்தால் கதவு நிலையில் சிக்கும், மேசை டிராயர் பாதியில் நிற்கும். ஏர் ரைபிளின் கட்டையும் மரம்தானே. தேவனாம்பட்டினத்தில் கடலுக்குப் பக்கத்தில் என் வீடு. மழைக்காலத்தில் முன்கட்டை, அதாவது பேரலுக்குக் கீழே இடது கை தாங்குகிற பகுதி, ஊதிப்போய் ஒரு பக்கம் நெருக்கும், பங்குனி வெயிலில் சுருங்கி லொடலொட என்று ஆடும். பெல்லட், அதாவது சுடுகிற ஈயக் குண்டு, இடம் மாறி மாறி விழும், நாம் குறிபார்க்கும் சைட்டைக் குறை சொல்லித் திருகிக்கொண்டே இருப்போம்.

பேரலை மடித்து ஒரே ஒரு பெல்லட் போட்டுச் சுடும் ஸ்பிரிங் ரைபிளுக்குத்தான் இங்கே சொல்லும் வழி. தோட்டா போடும் துப்பாக்கி என்றால் கை வைக்காதீர்கள், உரிமம் உள்ள ரிப்பேர்காரரிடம் கொடுங்கள்.

சுடும்போது ஸ்பிரிங் தள்ளி, உள்ளே இருக்கும் பிஸ்டன் முன்னால் பாயும்போது துப்பாக்கி பின்னால் உதைக்கும், பிஸ்டன் போய் முட்டியதும் முன்னால் இழுக்கும். இந்த இரண்டு பக்க உதறலில்தான் முன்கட்டையின் இரண்டு பக்க ஸ்க்ரூவும் தளர்கின்றன. நாம் இறுக்க இறுக்க, ஸ்க்ரூவின் தலைக்குக் கீழே இருக்கும் மரம் நசுங்கி இன்னும் இடம் கொடுக்கும். நானும் ஒரு வருஷம் இப்படியே இறுக்கி ஓட்டையைப் பெரிசாக்கியவன்தான்.

முதலில் பெல்லட் இல்லை, ஸ்பிரிங் ஏற்றவில்லை என்று பார்த்துக்கொள்ளுங்கள். கட்டையைக் கழற்றிய பிறகு எந்தக் காரணத்துக்கும் ஸ்பிரிங்கை ஏற்றாதீர்கள், விரல் போய்விடும்.

எங்கே முட்டுகிறது என்று கண்டுபிடிப்பதுதான் பாதி வேலை. அதற்கு வீட்டில் இருக்கும் கண்மை போதும். இரும்புப் பகுதியில் மெல்லிசாகத் தடவி, கட்டையில் உட்காரவைத்து, ஸ்க்ரூ போட்டு உடனே கழற்றுங்கள். மரத்தில் எங்கே கறுப்பு ஒட்டியிருக்கிறதோ அங்கேதான் முட்டுகிறது. ஒரே ஓரத்தில் மட்டும் கறுப்பு இருந்தால் அந்த இடத்தை மட்டும், பிவிசி குழாய்த் துண்டில் உப்புத்தாள் சுற்றி, நாலு இழுப்பு இழுத்துவிட்டு மறுபடி கண்மை. நிதானம் வேண்டும், சீவிய மரம் திரும்பி வராது. பேரலை மடிக்கும்போது உள்ளே ஓடுகிற கம்பி மரப்பள்ளத்தின் சுவரில் உரசினால் அதையும் இதே மாதிரி சரி செய்யுங்கள்.

கறுப்பே ஒட்டாத பக்கம் இடைவெளி. அங்கே அட்டைத்துண்டு செருகுவார்கள், ஈரம் பட்டால் அது கூழ். மெதுவாக இறுகும் அரால்டைட்டில் நைசான மரத்தூள் கலந்து பூசுங்கள், ஐந்து நிமிஷத்தில் இறுகும் வகை வேண்டாம், உட்காரவைத்துச் சரிபார்க்கவே நேரம் இருக்காது. இரும்பிலும் ஸ்க்ரூ மரையிலும் ஷூ பாலிஷ் தடவ மறந்தால் கட்டையும் இரும்பும் ஜென்மத்துக்கும் பிரியாது. ஒரு நாள் முழுக்க விடுங்கள். நசுங்கிய ஸ்க்ரூ ஓட்டைக்கும் இதே கலவைதான், அதன் மேல் கிண்ணம் மாதிரி குழிந்த பித்தளை வாஷர் ஒன்று. ஸ்க்ரூ நீளமாக இருந்து மரத்தை அழுத்துவதற்கு முன்பே மரையின் அடியில் போய் முட்டுகிறதா என்றும் பாருங்கள், பல பேர் கோட்டை விடுவது இங்கேதான்.

அப்புறம், சீவிய இடத்தை வெறும் மரமாக விடாதீர்கள். வெளியே பளபளவென்று பாலிஷ் இருக்கும், உள்ளே கம்பெனியே ஒன்றும் பூசியிருக்காது, ஈரம் நுழைவது அந்த வழியாகத்தான். ஆளிவிதை எண்ணெயை மெல்லிசாக மூன்று தடவை, ஒவ்வொன்றும் நன்றாகக் காய்ந்த பிறகு தடவுங்கள். எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டிப் போடாதீர்கள், தானாகவே சூடேறித் தீப்பிடிக்கும், விரித்துக் காயவிடுங்கள்.

மாட்டும்போது இரண்டு பக்க ஸ்க்ரூவையும் மாற்றி மாற்றிக் கால் சுற்றாக, ஆலன் கீயின் குட்டைப் பக்கம் விரலுக்கு எவ்வளவு வருமோ அவ்வளவு. மரையில் நீல லாக்டைட், அதாவது ஸ்க்ரூ தளராமல் பிடிக்கும் பசை, ஒரு சொட்டு. சிவப்பு வேண்டாம், கழற்றச் சூடு காட்ட வேண்டியிருக்கும், பக்கத்தில் மரம். முப்பது பெல்லட் சுட்டுவிட்டு ஸ்க்ரூவை ஒருமுறை தொட்டுப் பாருங்கள், அதற்குப் பிறகு சைட் பக்கம் போகலாம்.