டீமோட இளம் ப்ராஸ்பெக்ட்ஸை ரேங்க் பண்றது எப்படி? சண்டை முடியிற மாதிரி ஒரு வழி

என்ஹெச்எல் (வட அமெரிக்காவோட பெரிய ஐஸ் ஹாக்கி லீக்) டிராஃப்ட் முடிஞ்ச கையோட ஒரே டீமுக்கு சப்போர்ட் பண்ற நாலு பேர் உக்காந்தா வர்ற முதல் சண்டை இதுதான். நம்ம ப்ராஸ்பெக்ட்ஸ்ல, அதாவது இன்னும் என்ஹெச்எல்ல நிலைக்காத இளம் பசங்கள்ல, யாரு நம்பர் 1, யாரு 2, யாரு பத்துக்குள்ள வரவே கூடாது. நாங்க ரொம்ப நாளா இதை வாயாலேயே அடிச்சுக்கிட்டு இருந்தோம், ஒரு முடிவுக்கும் வந்ததில்ல. அப்புறம் ஒரு ஷீட் போட்டு, வரிசையா சில விஷயங்களை முதல்லயே பேசி முடிச்சுட்டு ஆரம்பிச்சோம், அப்பதான் லிஸ்ட்னு ஒண்ணு கையில வந்துச்சு. அந்த முறையை அப்படியே எழுதுறேன். ஏழு ரவுண்டு டிராஃப்ட் (டீம்கள் முறை வச்சு இளம் ஆட்டக்காரங்களை எடுக்கிறது), ஏஹெச்எல் (என்ஹெச்எல்லுக்கு ஒரு படி கீழ இருக்கிற லீக்), பவர் ப்ளே (எதிர் டீம் ஆள் குறைவா ஆடுற நேரம்), இதெல்லாம் ஓரளவு தெரியும்னு வச்சுக்கிட்டு நேரா விஷயத்துக்கு வர்றேன்.

படி 1: யாரெல்லாம் லிஸ்ட்ல இருக்கலாம்

இதை முடிவு பண்ணாம ஒரு பேரைக்கூட எழுதாதீங்க. ஒருத்தர் மனசுல 23 வயசுக்குள்ள இருக்கிற எல்லாரும் ப்ராஸ்பெக்ட், இன்னொருத்தர் மனசுல என்ஹெச்எல்ல கால் வச்சுட்டா அவன் ப்ராஸ்பெக்ட் இல்ல. ரெண்டு பேரும் வேற வேற லிஸ்ட்டை வச்சுக்கிட்டு ஒரே சண்டையை போடுவாங்க.

நான் கால்டர் டிராஃபி (என்ஹெச்எல்ல சிறந்த புதுமுகத்துக்குக் குடுக்கிற விருது) விதியை எடுத்துக்குவேன், ஏன்னா அது லீக்கே எழுதி வச்ச கோடு. முந்தின எந்த ஒரு சீசன்லயும் 25 மேட்ச்சுக்கு மேல ஆடியிருக்கக் கூடாது, எந்த ரெண்டு சீசன்லயும் ஆறு ஆறு மேட்ச்சோ அதுக்கு மேலயோ ஆடியிருக்கக் கூடாது, சீசன் ஆரம்பிக்கிற வருஷம் செப்டம்பர் 15க்குள்ள 26 வயசு ஆகியிருக்கக் கூடாது. அந்த வயசு வரம்புகூட 1990ல செர்கெய் மகாரோவ் 31 வயசுல கால்டர் வாங்கினதுக்கு அப்புறம் வந்ததுதான். எங்க லிஸ்ட்டுக்கு மட்டும் வயசை 24ன்னு குறைச்சுக்கிட்டோம். நீங்க வேற எண் வச்சுக்கலாம், ஆனா ஒரே எண்ணா இருக்கணும்.

படி 2: எதுக்காக ரேங்க் பண்றோம்

பாதி சண்டைக்கு மேல இங்கதான் கிளம்புது, ஆனா யாரும் இதைப் பேச மாட்டேங்குறாங்க. ஒரு பையன் கண்டிப்பா மூணாவது லைன்ல பத்து வருஷம் ஆடுவான் (லைன்னா மாறி மாறி இறங்குற ஃபார்வர்ட் குழு, முதல் லைன்தான் சிறந்தது). இன்னொருத்தன் ஒண்ணு முதல் லைன் ஸ்டார் ஆவான், இல்ல வரவே மாட்டான். யாரு மேல? உச்சம் எவ்வளவுன்னு பார்த்தா ரெண்டாமவன், வருவானான்னு பார்த்தா முதலாமவன். ரெண்டு பதிலும் சரிதான், கேள்வி வேறயா இருக்கிறதாலதான் பதிலும் வேறயா வருது.

என் கட்சி உச்சத்துக்குத்தான் கூட. மூணாவது லைன் ஆளை டீம் எப்ப வேணா ஃப்ரீ ஏஜென்சில (ஒப்பந்தம் முடிஞ்ச ஆட்டக்காரங்க சந்தை) வாங்கிக்கலாம், முதல் லைன் ஆளை அப்படி வாங்கினா சம்பள வரம்புல பெரிய ஓட்டை விழும். டிராஃப்ட்ல கிடைச்ச ஸ்டார் முதல் மூணு வருஷம் என்ட்ரி லெவல் ஒப்பந்தத்துல கம்மி சம்பளத்துக்கு ஆடுவான், டீமுக்கு அதுதான் பெரிய லாபம். அதனால நாங்க ஷீட்டோட தலைப்புலயே ஒரே வாக்கியமா எழுதிட்டோம்: "இன்னைக்கு ஒரு ட்ரேடுல இவங்கள்ல யாரை விட்டுக்குடுக்க அதிகமா யோசிப்போம்." உச்சம், நிச்சயம் ரெண்டும் அதுக்குள்ள வந்துடுது.

படி 3: ஷீட்

கூகுள் ஷீட்ஸ் போதும். தனியா ஆப், ரேங்கிங் டூல் எதுவும் வேண்டாம், அதுல எல்லாம் நம்மளே ஒரு காலம் (ஷீட்டோட நெடுக்குப் பத்தி) சேர்க்க முடியாம போயிடும். எண்களுக்கு எலைட் ப்ராஸ்பெக்ட்ஸ் தளம், எல்லா லீக்கும் ஒரே இடத்துல கிடைக்கும். பேர், பொசிஷன், பிறந்த தேதி, டிராஃப்ட் வருஷமும் நம்பரும், லீக், மேட்ச், பாயிண்ட்ஸ் (கோலும் அசிஸ்டும் சேர்த்து), கிடைச்சா ஐஸ் டைம் (களத்துல ஆடின நேரம்). அவ்வளவுதான்.

பிறந்த தேதின்னு எழுதினேன் பாருங்க, டிராஃப்ட் வருஷத்தை வச்சு வயசைக் கணக்கு போட்டுடாதீங்க. ஆஸ்டன் மேத்யூஸ் பிறந்தது 1997 செப்டம்பர் 17. டிராஃப்ட்டுக்கு 18 வயசு ஆகியிருக்க வேண்டிய கட் ஆஃப் செப்டம்பர் 15. ரெண்டு நாள்ல 2015 டிராஃப்ட் போச்சு, அதே 1997ல பிறந்த மெக்டேவிட் அந்த வருஷம் முதல் ஆளா போனார், மேத்யூஸ் 2016ல முதல் ஆளா வந்தார், நடுவுல சுவிட்சர்லாந்துல பெரியவங்க லீக்ல ஒரு சீசன் ஆடிட்டு. ஒரே டிராஃப்ட்ல வர்ற ரெண்டு பசங்களுக்கு நடுவுல கிட்டத்தட்ட ஒரு வருஷ வித்தியாசம் இருக்கலாம், 17, 18 வயசுல அது ரொம்பப் பெரிய வித்தியாசம்.

படி 4: வேற வேற லீக் எண்களை ஒரே தராசுல வைக்கிறது

இந்தப் படியிலதான் எனக்கு அதிக நேரம் போச்சு, அதனால விரிவாவே சொல்றேன்.

கிளப் மேட்ச்ல அடிச்ச நூறும் டெஸ்ட்ல அடிச்ச நூறும் ஒண்ணு கிடையாதுன்னு கிரிக்கெட் பார்க்குற யாருக்கும் சொல்லித் தர வேண்டாம். ஆனா ஹாக்கில ஓஹெச்எல்ல (கனடாவோட ஒரு ஜூனியர் லீக்) 85 பாயிண்ட்ஸ்னு பார்த்த உடனே அதை மறந்துடுறோம். இதுக்குன்னு கேப்ரியல் டெஜார்டின் பிரபலப்படுத்தின ஒரு முறை இருக்கு, என்ஹெச்எல் ஈக்விவலன்சின்னு சொல்வாங்க. ஒரு லீக்ல இருந்து என்ஹெச்எல்லுக்குப் போனவங்க அங்க மேட்ச்சுக்கு எவ்வளவு எடுத்தாங்க, இங்க வந்து எவ்வளவு எடுத்தாங்கன்னு பார்த்து அந்த லீக்குக்கு ஒரு மதிப்பெண் போடுறது. யாரு கணக்கு போடுறாங்களோ அதைப் பொறுத்து எண் கொஞ்சம் மாறும். என் ஷீட்ல சுமாரா ஓஹெச்எல் 0.3, ஏஹெச்எல் 0.45, ஸ்வீடனோட எஸ்ஹெச்எல் 0.55.

ஃபார்முலா: பாயிண்ட்ஸை மேட்ச்சால வகுத்து, 82ஆல (2025-26 வரைக்கும் இருந்த என்ஹெச்எல் முழு சீசன் மேட்ச் கணக்கு) பெருக்கி, லீக் மதிப்பெண்ணால பெருக்கணும். ஓஹெச்எல்ல 68 மேட்ச்ல 85 எடுத்த பையனுக்கு சுமார் 31 வரும். ஏஹெச்எல்ல 72 மேட்ச்ல 50 எடுத்தவனுக்கு சுமார் 26.

இப்ப இதைப் பாருங்க. லியோ கார்ல்சன் 2023ல ரெண்டாவது ஆளா டிராஃப்ட் ஆகுறதுக்கு முந்தின சீசன்ல எஸ்ஹெச்எல்ல 44 மேட்ச்ல 25 பாயிண்ட்ஸ். கணக்கு போட்டா அவருக்கும் சுமார் 26தான். அந்த ஏஹெச்எல் பையனுக்கு 22 வயசுன்னு வச்சுக்கோங்க, கார்ல்சனுக்கு அந்த சீசன் நடுவுலதான் 18 ஆச்சு. எண் ஒண்ணு, ஆள் ஒண்ணே இல்ல. அதனால இந்த எண்ணை மட்டும் பெரிசுல இருந்து சின்னதா அடுக்கி அதையே ரேங்க்னு சொல்லிடாதீங்க, வயசு காலத்தை பக்கத்துல வச்சு ஒரே வயசுக்காரங்களுக்குள்ள மட்டும் ஒப்பிடுங்க. 18க்கு 18, 20க்கு 20. சிலர் வயசுக்கும் ஒரு மதிப்பெண் போட்டு பெருக்கி ஒரே எண்ணா ஆக்குவாங்க, எனக்கு அது பிடிக்கல, எந்த காரணத்தால எண் ஏறிச்சு இறங்கிச்சுன்னே அப்புறம் தெரியாது.

இன்னும் மூணு சிக்கல் இருக்கு. பெரியவங்க லீக்ல ஆடுற சின்னப் பையனுக்கு நாலாவது லைன்ல எட்டு நிமிஷம்தான் கிடைக்கும், அவன் பாயிண்ட்ஸ் கம்மியாத்தான் இருக்கும், அங்க நிமிஷத்துக்கு எவ்வளவுன்னு பாருங்க, அதுக்குத்தான் ஐஸ் டைம் காலம். ரெண்டாவது, பவர் ப்ளே. மொத்த பாயிண்ட்ஸ்ல பாதி பவர் ப்ளேல வந்திருந்தா ஜாக்கிரதை, மேல போனா அந்த இடம் அவனுக்குக் கிடைக்காமலே போகலாம். மூணாவது, கனடா ஜூனியர் லீக்ல இருந்து டிராஃப்ட் ஆன பையன் 20 வயசு ஆகாம ஏஹெச்எல் போக முடியாதுங்கிற ஒப்பந்தம் ரொம்ப வருஷமா இருந்துது, அதனால 19 வயசுல அவன் ஜூனியர்லயே நின்னு தன்னைவிடச் சின்னப் பசங்களை அடிச்சு நொறுக்குவான். அந்த எண்ணுக்கு நான் கம்மி மரியாதைதான் குடுப்பேன்.

படி 5: கண்ணால பார்க்குறது

ஹைலைட்ஸ் வேண்டாம். ஒரு முழு மேட்ச்ல அந்த ஒருத்தனை மட்டும் பாருங்க, பக் (பந்துக்குப் பதிலா இருக்கிற ரப்பர் வட்டு) அவன்கிட்ட இல்லாதப்ப என்ன பண்றான்னு பாருங்க. உயரத்தை ரொம்பப் பெரிசா எடுத்துக்காதீங்க: லேன் ஹட்சன் உடம்பு சின்னதுன்னு 2022ல 62வது இடம் வரைக்கும் இறங்கினார், 2025ல மான்ட்ரியலுக்காக 66 பாயிண்ட்ஸ் எடுத்து கால்டர் வாங்கினார், அதுவும் டிஃபென்ஸ்மேனா.

படி 6: முதல்ல அடுக்கு, அப்புறம் நம்பர்

7வது யாரு 8வது யாருன்னு மணிக்கணக்கா பேசுறதுல பிரயோஜனமே இல்ல. முதல்ல மூணு நாலு அடுக்கா பிரிங்க. ஸ்டார் ஆகலாம், டாப் ஆறு ஃபார்வர்ட் இல்ல டாப் நாலு டிஃபென்ஸ்மேன் ஆகலாம், டீம்ல இடம் பிடிக்கலாம், இன்னும் தெரியல. அடுக்குக்குள்ள மட்டும் ரெண்டு ரெண்டு பேரா எடுத்து "இவனைக் குடுத்து அவனை வாங்குவியா"ன்னு கேளுங்க. முதல்வன் ரெண்டாமவனை விட மேல, ரெண்டாமவன் மூணாமவனை விட மேல, ஆனா மூணாமவன் முதல்வனை விட மேலன்னு சுத்தி வந்து நின்னா மூணு பேரும் சமம், அதே அடுக்குல அப்படியே விட்டுடுங்க.

படி 7: எழுதிட்டுத்தான் பேசணும்

எல்லாரும் தனித்தனியா, யாருக்கும் காட்டாம, அவங்கவங்க வரிசையை எழுதிடணும். இது ரொம்ப முக்கியம், இல்லேன்னா சத்தமா பேசுறவர் லிஸ்ட்டுதான் கடைசில எல்லாரோட லிஸ்ட்டும். அப்புறம் ஒவ்வொரு பையனுக்கும் நடு ரேங்க் எடுங்க, சராசரி வேண்டாம், ஒருத்தர் மட்டும் 20வதுல போட்டா சராசரி எங்கேயோ போயிடும், மீடியன் நகராது. ஷீட்ஸ்ல மீடியன் ஃபார்முலா ஒரு வரிதான். பக்கத்து காலத்துல அதிகபட்ச ரேங்க்குக்கும் குறைஞ்சபட்ச ரேங்க்குக்கும் உள்ள இடைவெளி. அஞ்சுக்கு மேல இடைவெளி இருக்கிற பசங்களைப் பத்தி மட்டும் பேசுங்க, மத்தவங்களை விட்டுடுங்க. அவனை ரொம்ப மேல வச்சவர் முதல்ல பேசட்டும், ரொம்பக் கீழ வச்சவர் ரெண்டாவது. பெரும்பாலும் அந்த ரெண்டு பேர்ல ஒருத்தர்கிட்ட மத்தவங்களுக்குத் தெரியாத ஒரு விஷயம் இருக்கும், அடிபட்டு ஆடினான், பொசிஷன் மாத்தினாங்க, இப்படி. பேசி முடிச்சதும் இன்னொரு தடவை எல்லாரும் ரகசியமா எழுதணும். ரெண்டாவது மீடியன்தான் லிஸ்ட்.

பின்னாடி சேர்த்தது

கோலியை (கோல்கீப்பரை) எங்க வைக்கிறதுன்னு நிறைய பேர் கேட்டாங்க. என் பதில், தனி லிஸ்ட். கானர் ஹெல்லபக் 2012 டிராஃப்ட்ல 130வது, ஈகோர் ஷெஸ்டர்கின் 2014ல 118வது, ரெண்டு பேரும் வெசினா (சிறந்த கோலி விருது) வாங்கினவங்க. கோலி வளர்றதுக்கு எடுக்கிற நேரமே வேற, ஃபார்வர்டோட சேர்த்து வச்சா ஒண்ணு தலைல தூக்கி வச்சுடுவோம், இல்ல மறந்துடுவோம்.

ரஷ்யாவுல இருக்கிற பசங்களைப் பத்தியும் கேட்டாங்க. ஒப்பந்தம் எப்ப முடியுதுன்னு ஒரு காலம் சேருங்க, ஆனா லேட்டா வருவான்ங்கிறதுக்காக மட்டும் கீழ தள்ளாதீங்க. கிரில் கப்ரிஸோவ் 2015 டிராஃப்ட்ல 135வது, மினசோட்டா அஞ்சு வருஷத்துக்கு மேல காத்திருந்துது, வந்த முதல் சீசன்லயே 2021 கால்டர்.

கடைசியா அமெரிக்க காலேஜ் லீக். 2025-26ல இருந்து கனடா ஜூனியர் லீக்ல ஆடினவங்களும் என்சிஏஏ போகலாம், கேவின் மெக்கென்னா பென் ஸ்டேட் யூனிவர்சிட்டிக்குப் போனது அப்படித்தான். காலேஜ்ல ஆட்டத்தோட தரம் ஏறும், ஜூனியர்ல பெரிய பசங்க குறைவாங்க, ரெண்டு லீக்குக்கும் பழைய மதிப்பெண் சரியா வராது. 2025-26 சீசன் எண்களுக்கு ரெண்டு லீக்லயும் மஞ்சள் கலர் போட்டு வச்சிருக்கேன், புது மதிப்பெண் நிலைச்சதும் ஷீட்டை மாத்திடுறேன்.