குப்பையைக் குறைக்கும் இயந்திரத்துக்கு மானியம்: வடசென்னைச் சிறு வணிகர்கள் விண்ணப்பிக்கும் முறை

"கடைக் குப்பையைக் குறைக்க மானியம் வேண்டும்" என்று கேட்டு அலுவலகம் ஏறினால் பெரும்பாலும் வெறுங்கையோடுதான் திரும்ப வேண்டியிருக்கும். சிறு தொழில்களுக்கான அரசுப் பணத்தில் பெரும்பகுதி இயந்திரத்துக்குத்தான், அதுவும் வங்கிக் கடன் வழியாக வருகிறது. ஆகவே எம்.சி. ரோடு ஜவுளிக்கடையானாலும், பெரம்பூர் மெஸ்ஸானாலும், வியாசர்பாடி பட்டறையானாலும் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: எந்தக் குப்பை, தினம் எத்தனை கிலோ, அதை எந்த இயந்திரம் குறைக்கும், அதனால் மாதம் எவ்வளவு மிச்சம்? இந்த நான்கும் தாளில் இருந்தால் திட்டம் தேடுவது சுலபம். இல்லாவிட்டால் எந்தத் திட்டமும் ஒட்டாது.

முதலில் எடை நோட்டு

100 கிலோ வரை காட்டும் மேடைத் தராசு ஒன்று, கோடு போட்ட நோட்டு ஒன்று. 4 வாரம் விடாமல் எழுதுங்கள். தேதி, வகை, எடை, யாரிடம் போனது, காசு வந்ததா கொடுத்தோமா என்று ஐந்து கட்டம் போதும். ஒரு மெஸ்ஸின் பதிவு இப்படி இருக்கும்: "செவ்வாய், இரவு 10.15. காய்கறித் தோல் 9.4, மீந்த சோறு-குழம்பு 11.2, வாழை இலை 6.8, அட்டை 2.1. மொத்தம் 29.5."

இங்கே வழக்கமாக நடக்கும் தவறுகள் மூன்று. ஈரக் குப்பையையும் அட்டையையும் ஒரே சாக்கில் போட்டு எடை போடுவது முதல் தவறு. அட்டை ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும், இரண்டு கணக்கும் பொய்யாகிவிடும். கடைப் பையன்கள் மத்தியானமே அட்டையையும் பால் கவரையும் காயலான் கடைக்குப் போட்டுவிடுவது இரண்டாவது. விற்றுக்கொள்ளட்டும், ஆனால் எடை போட்ட பிறகு விற்கட்டும். மூன்றாவது, கூட்டமில்லாத நாளில் மட்டும் எடை போடுவது. மெஸ்ஸுக்கு ஞாயிறும் அமாவாசையும் கணக்கில் வர வேண்டும். ஜவுளிக்கடைக்கு ஆடித் தள்ளுபடியும் தீபாவளியும் தனிப் பக்கம். இயந்திரத்தின் அளவைச் சாதாரண நாளின் சராசரியை வைத்தே முடிவு செய்யுங்கள். தீபாவளிக் கூட்டத்தை வைத்து வாங்கினால் பத்து மாதம் பாதித் திறனில் ஓடும், வங்கி மேலாளர் முதலில் பிடிப்பதும் அதைத்தான்.

சராசரி நாளுக்கு 100 கிலோவைத் தொட்டால் திடக்கழிவு மேலாண்மை விதிப்படி நீங்கள் பெருமளவு குப்பை உருவாக்குபவர். மக்கும் குப்பையைக் கையாளும் பொறுப்பு உங்கள் தலையில் விழும். திட்ட அறிக்கையில் இதை மறைக்க வேண்டாம். "சட்டப்படி செய்தாக வேண்டிய வேலை" என்பது விண்ணப்பத்துக்கு வலு சேர்க்கும்.

எந்த இயந்திரம், எந்த அளவு

சமையல் கழிவு தினம் 25 கிலோ வரை உள்ள மெஸ்ஸுக்குச் சாண எரிவாயுக் கலன் பொருந்தும். ஒரு கிலோ கழிவுக்கு ஏறத்தாழ 80 முதல் 100 லிட்டர் வாயு வரும். அப்படியென்றால் தினம் 2 முதல் 2.5 கன மீட்டர், சமையல் எரிவாயுக் கணக்கில் கிட்டத்தட்ட 1 கிலோ. மாதம் 30 கிலோ என்றால் 19 கிலோ வணிக சிலிண்டரில் ஒன்றரைக்கு மேல். அன்றைய சிலிண்டர் விலையால் பெருக்கினால் வங்கிக்குக் காட்ட வேண்டிய சேமிப்பு கையில் வந்துவிடும்.

தொடங்கும்போது மாட்டுச் சாணக் கரைசலை ஊற்றி, வாயு எரியும் வரை பொறுத்து, பிறகு அரைத்த கழிவைச் சம அளவு தண்ணீரோடு கொஞ்சம் கொஞ்சமாக ஏற்ற வேண்டும். முதல் வாரமே முழு அளவைக் கொட்டினால் கலன் புளித்து வாயு நின்றுவிடும். எலுமிச்சைத் தோலும் வெங்காயச் சருகும் அதிகமானாலும் இதேதான். சுடர் சிறுத்தால் நாலைந்து நாள் தீனியை நிறுத்துங்கள், தானாகத் தேறும். வாழை இலை நார் குழாயை அடைக்கும். அதை உரக் குழிக்கு விடுங்கள்.

"24 மணி நேரத்தில் உரம்" என்று விற்கும் மின் இயந்திரங்களில் எச்சரிக்கை தேவை. பெரும்பாலானவை கழிவைச் சூடாக்கி உலர்த்துகின்றன. வெளியே வருவது காய்ந்த தூள். ஈரம் பட்டால் மறுபடி நாறும். இரண்டு வாரமாவது ஆறப்போட்டு முதிர விட இடமில்லாத கடை இதை வாங்கக் கூடாது. அந்த மின்கட்டணமும் சேமிப்பைத் தின்றுவிடும். இடம் இருந்தால் காற்றோட்டமுள்ள தொட்டியில் ஈரக் கழிவுக்குச் சம கொள்ளளவு காய்ந்த இலையோ தேங்காய் நாரோ கலந்து, பிழிந்தால் சொட்டாத ஈரத்தில் வைத்தால் 30 முதல் 45 நாளில் உரம். இதற்குக் கடனே வேண்டாம்.

சௌகார்பேட்டை, எம்.சி. ரோடு கடைகள் கேட்பது அட்டை அமுக்கும் பேலிங் இயந்திரம். இதற்குப் பெரும்பாலும் மும்முனை மின்சாரம் வேண்டும், பல கடைகளில் இருப்பது ஒருமுனை இணைப்பு. இணைப்பை மாற்றும் செலவை மதிப்பீட்டில் சேர்க்காமல் விட்டு, இயந்திரம் வந்த பிறகு தவிப்பது சகஜம். தினம் 100 கிலோ அட்டைகூட வராத கடை தனியாக வாங்குவது வீண். பக்கத்துக் கடைகள் நாலைந்து சேர்ந்து ஒருவர் பெயரில் வாங்கிப் பங்கிட்டுக்கொள்ளலாம். ஐப்பசி, கார்த்திகை மழையில் நனைந்த அட்டைக்குப் பாதி விலைகூடத் தேறாது என்பதால் கூரையும் திட்டச் செலவில் வரட்டும்.

தையல் பட்டறைகளுக்கு இயந்திரத்தைவிட மூன்று சாக்குதான் முதல் தேவை: பருத்தி ஒன்று, பாலியஸ்டர் ஒன்று, பனியன் துணி ஒன்று. பனியன் வேஸ்ட்டை மெக்கானிக் ஷெட்டுகள் துடைக்க வாங்கும், கலந்துவிட்டால் யாரும் தொடமாட்டார்கள். காசிமேட்டு மீன் கழிவில் எடைக்கு எடை வெல்லம் கலந்து காற்றுப் புகாத டிரம்மில் 21 முதல் 40 நாள் வைத்தால் மீன் அமிலம், பயிருக்குத் தெளிக்கும் திரவ உரம். வாங்க ஆள் இருப்பதை உறுதி செய்த பிறகே அளவைக் கூட்டுங்கள்.

எந்தத் திட்டம்

முதல் வடிகட்டல்: தொழில் புதிதா, ஏற்கெனவே நடப்பதா? விண்ணப்பங்கள் அதிகம் விழுவது இங்கேதான். பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கும் திட்டம் (பி.எம்.இ.ஜி.பி.), வேலையில்லா இளைஞர்களுக்கான தமிழக அரசுத் திட்டமான யு.ஒய்.இ.ஜி.பி., புதிய தொழில்முனைவோருக்கான தமிழக அரசுத் திட்டமான நீட்ஸ் ஆகியவை புதிதாகத் தொடங்குபவர்களுக்கு. பி.எம்.இ.ஜி.பி.யில் உற்பத்திக்கு 50 லட்சம், சேவைக்கு 20 லட்சம் வரை திட்டச் செலவு. நகர்ப்புறத்தில் பொதுப் பிரிவுக்கு 15%, பெண்கள், பட்டியல் இனத்தவர் உள்ளிட்ட சிறப்புப் பிரிவுக்கு 25% மானியம். யு.ஒய்.இ.ஜி.பி.யில் 15 லட்சம் வரையிலான திட்டத்துக்கு 25%, உச்சம் 3.75 லட்சம். நீட்ஸில் 10 லட்சத்துக்கு மேற்பட்ட திட்டங்களுக்கு 25%, உச்சம் 75 லட்சம், கூடவே வட்டியில் 3% தள்ளுபடி. பிளாஸ்டிக் அரைக்கும் யூனிட் புதிதாகப் போடுபவர் இவற்றைப் பார்க்கலாம். நடக்கும் மெஸ்ஸுக்குக் கலன் வாங்க இவை உதவாது.

பட்டியல் இனத்தவர், பழங்குடியினர் தொழில்முனைவோர் முதலில் பார்க்க வேண்டியது அண்ணல் அம்பேத்கர் தொழில் முன்னோடிகள் திட்டம். 35% மானியம், உச்சம் 1.5 கோடி, 6% வட்டித் தள்ளுபடி; விரிவாக்கத்துக்கும் உண்டு. வடசென்னையில் இதற்குத் தகுதியுள்ளவர்கள் ஏராளம், தெரிந்து கேட்பவர்கள்தான் குறைவு.

மூலக்கொத்தளம், புளியந்தோப்பு பக்கம் பிளாஸ்டிக், ரப்பர், மின்னணுக் கழிவைப் பிரித்து மறுசுழற்சி செய்பவர்களுக்கு ஒன்றிய அரசின் ஸ்பைஸ் திட்டம். சிட்பி (இந்தியச் சிறு தொழில் வளர்ச்சி வங்கி) வழியாக வருகிறது; இயந்திரச் செலவில் 25%, உச்சம் 12.5 லட்சம். சமையல் கழிவு இதற்குள் வராது. பசுமைத் தொழில்நுட்பத்துக்குக் கடன் வாங்கும் குறு, சிறு நிறுவனங்களுக்கு கிஃப்ட் திட்டத்தில் 2% வட்டித் தள்ளுபடி கிடைக்கும்.

வியாசர்பாடி, மணலி பட்டறைகள் செட் (ZED) சான்றிதழையும், அதாவது குறைபாடும் சுற்றுச்சூழல் பாதிப்பும் இல்லாத உற்பத்திக்கு ஒன்றிய அரசு தரும் சான்றையும், விட வேண்டாம். சான்றிதழ்க் கட்டணத்தில் குறு நிறுவனத்துக்கு 80%, சிறு நிறுவனத்துக்கு 60% தள்ளுபடி. வங்கியில் பேசும்போது அது கைகொடுக்கும். அளவுகளும் காலவரம்பும் மாறக்கூடியவை. விண்ணப்பிக்கும் அன்று இணையதளத்தில் ஒருமுறை சரிபாருங்கள்.

எந்த அலுவலகம்

சென்னை மாவட்டத்துக்குக் கிண்டியில் உள்ள தொழில் வணிகத் துறை மண்டல இணை இயக்குநர் அலுவலகம். திருவொற்றியூர், மாதவரம் வட்டங்கள் 2018இல்தான் திருவள்ளூரிலிருந்து சென்னை மாவட்டத்துக்கு வந்தன. பழைய பத்திரத்திலும் உத்யம் பதிவிலும் (குறு, சிறு நிறுவனங்களுக்கான ஒன்றிய அரசின் இணையப் பதிவு) இன்னும் "திருவள்ளூர்" என்றே இருந்தால் விண்ணப்பம் இரண்டு மாவட்டத்துக்கும் நடுவே அலையும். உத்யமில் முகவரியை முன்கூட்டியே திருத்துங்கள். அது இலவசம், இடைத்தரகருக்குக் காசு கொடுக்க வேண்டாம். செங்குன்றம், பொன்னேரி பக்கம் என்றால் திருவள்ளூர் மாவட்டத் தொழில் மையம்தான்.

தாள்கள்

ஆதார், பான், உத்யம், ஜி.எஸ்.டி. இருந்தால் அதுவும், மாநகராட்சித் தொழில் உரிமம், வங்கிக் கணக்கு விவரம், எடை நோட்டின் சுருக்கம். பெரிய முட்டுக்கட்டை வாடகை ஒப்பந்தம். வடசென்னையில் பெரும்பாலும் 11 மாத ஒப்பந்தம்தான். 5 ஆண்டுக் கடனுக்கு வங்கி அதை ஏற்காது. வீட்டு உரிமையாளரிடம் பேசி கடன் காலம் முழுக்கப் பதிவு செய்த குத்தகை வாங்குங்கள். இதற்கே ஒரு மாதம் போகலாம், முதலிலேயே தொடங்குங்கள்.

விலைப்புள்ளி மூன்று இடத்தில் வாங்குங்கள். ஒவ்வொன்றிலும் திறன், குதிரைத்திறன், மின்முனை, வரி, பொருத்தும் கூலி தனித்தனியாக இருக்க வேண்டும். பழைய இயந்திரத்தைக் காட்டி மானியம் கேட்க வேண்டாம். 2026 ஏப்ரல் முதல் அனுமதிக்கும் சிறு தொழில் கடனில் 20 லட்சம் வரை (அதற்கு முன் 10 லட்சம்) பிணை கேட்கக் கூடாது என்பது ரிசர்வ் வங்கி விதி. கேட்டால் மரியாதையாக எழுத்தில் தரச் சொல்லுங்கள்.

முன்பணம்கூடக் கட்ட வேண்டாம், கடன் அனுமதி வரும் வரை. அதற்கு முந்தைய தேதியில் பில் இருந்தால் மானியம் போச்சு. கடன் தொகை நேராக விற்பனையாளர் கணக்குக்குப் போகும்.

பி.எம்.இ.ஜி.பி. மானியம் உங்கள் கைக்கு வராது. 3 ஆண்டு வைப்பாக வங்கியில் இருக்கும். அந்த அளவு கடனுக்கு வட்டி இல்லை. நேரில் வந்து பார்த்து, தொழில் நடக்கிறது என்று உறுதியான பிறகே கடனில் கழிப்பார்கள். அதுவரை இயந்திரத்தின் எண் தகடு தெரியும்படி எடுத்த படம், அசல் பில், எடை நோட்டு மூன்றையும் கடையிலேயே வையுங்கள். இடம் மாறினால் வங்கிக்கும் மாவட்ட அலுவலகத்துக்கும் முன்கூட்டியே எழுதிக் கொடுத்து, முத்திரை வைத்த நகலை வாங்கிக்கொள்ளுங்கள்.