அங்கத்துவ அட்டை அடிக்க முதல்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

நகரத் திட்டமிடலுக்காகப் பெண்கள் சேர்ந்து நடத்துகிற ஒரு அமைப்பு, மட்டக்களப்பிலோ கல்முனையிலோ, அங்கத்தவர் சேர்க்கலாம் என்று உட்கார்ந்தால் முதல் கேள்வியே "சந்தா எவ்வளவு வைப்பம்?" என்பதுதான். பிறகு அட்டை என்ன நிறம், படம் ஒட்டுவதா வேண்டாமா என்று ஒரு மணித்தியாலம் போய்விடும். முதல் தவறு இங்கேயே நடக்கிறது. சந்தாவைப் பிறகு பார்க்கலாம், காசு கட்டுகிற பெண் இந்த அமைப்பில் எதைத் தீர்மானிக்கப் போகிறாள் என்பதை முதலில் முடிவு பண்ணுங்கள்.

ஏனென்றால் இங்கே அநேகமான பெண்கள் ஏற்கனவே இரண்டு மூன்று இடத்தில் அங்கத்தவர்கள். மாதர் கிராம அபிவிருத்திச் சங்கம், மரணாதாரச் சங்கம், கோயில் சந்தா அல்லது பள்ளிவாசல் சந்தா, அதற்கு மேல் ஒரு சீட்டு. இதில் மரணாதாரச் சங்கத்துக் காசைப் பிந்தவிட யாருக்கும் மனம் வராது, வீட்டில் ஒரு சாவு விழுந்தால் கதிரையும் கொட்டகையும் கைச்செலவுக்குக் காசும் வந்து சேரும் என்று தெரியும். நீங்கள் தரப்போவது என்ன? "விழிப்புணர்வு" என்று மட்டும் துண்டுப்பிரசுரத்தில் போடாதீர்கள், அதற்கு யாரும் மாதாமாதம் காசு கட்டமாட்டார்கள்.

தரக்கூடிய ஒன்று கைவசம் இருக்கிறது, அவளுடைய ஒழுங்கை, அவள் தினமும் நடக்கிற அந்தச் சின்னத் தெரு. 1989இல் டொரொண்டோவில் மெட்ராக் என்ற அமைப்பு பெண்களுக்கான பாதுகாப்பு ஆய்வு நடை என்று ஒன்றை உருவாக்கியது, பிறகு பல நாடுகளில் அதை எடுத்துச் செய்தார்கள். பெரிய வித்தை ஒன்றும் இல்லை. அந்த இடத்தைத் தினமும் பாவிக்கிற பெண்கள் ஐந்தாறு பேர் பொழுதுபட்ட பிறகு ஒன்றாக நடந்து, எந்தக் கம்பத்தில் லைட் எரியவில்லை, வடிகானுக்கு எங்கே மூடி இல்லை, டியூஷன் விட்டுச் சைக்கிளில் வருகிற பிள்ளைகள் எந்த மூலையில் வேகமாக மிதிக்கிறார்கள், பஸ் தரிப்பிடத்தில் நிற்கிற பெண் றோட்டுக்குத் தெரிகிறாளா என்று குறித்துக்கொள்வது. அந்தத் தாளை வைத்து மாநகர சபைக்கோ பிரதேச சபைக்கோ எழுதலாம். பதில் வராவிட்டால் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ், அந்த வட்டாரத்து வீதி விளக்குக்கும் வடிகானுக்கும் எவ்வளவு ஒதுக்கினீர்கள் என்று கேட்கலாம், கொடுப்பதா இல்லையா என்ற முடிவைத் தகவல் அலுவலர் 14 வேலை நாட்களுக்குள் சொல்லியாக வேண்டும். இந்த வருடம் எந்த ஒழுங்கைகளில் நடப்பது என்று அங்கத்தவர்கள் கைதூக்கித் தீர்மானிக்கட்டும். அப்போதுதான் சந்தாவுக்கு ஒரு அர்த்தம் வருகிறது.

அடுத்த தவறு, செயலமர்வு வரவுப் பதிவை எடுத்து அங்கத்தவர் பட்டியலாக மாற்றுவது. இது நம்ம பக்கத்தில் சர்வசாதாரணம். புரொஜெக்ட் நடந்த காலத்தில் மதியச் சாப்பாட்டுக்கும் பஸ் காசுக்கும் கையெழுத்து வைத்தவர்களை எண்ணி "எங்களுக்கு இத்தனை அங்கத்தவர்" என்று அறிக்கையில் போட்டுவிடுகிறோம், காசு தந்த நிறுவனம் போன பிறகு பார்த்தால் கூட்டத்துக்குப் பத்துப் பேர். அந்தப் பத்துப் பேர்தான் உண்மையான அங்கத்தவர். அவர்களோடு தொடங்குங்கள்.

சந்தா சேர்க்கிற விதத்திலும் கவனம் வேண்டும். நுண்கடன் நிறுவனங்கள் இங்கே பெண்களைப் படுத்திய பாடு உங்களுக்குச் சொல்லித் தெரியவேண்டியதில்லை. கொப்பியோடு ஒருவர் ஒவ்வொரு கிழமையும் வீட்டுப் படலைக்கு வந்தால் "இதுவும் லோன் குறூப்பா மகள்?" என்றுதான் கேட்பார்கள், அயலும் அப்படித்தான் நினைக்கும். ஆகவே கிழமைக் கட்டணம் வேண்டாம், வருடத்துக்கு ஒருமுறை போதும், தொகை சிறியதாக இருந்தாலும் பற்றுச்சீட்டு கட்டாயம். எந்த மாதம் என்பதையும் யோசியுங்கள். அம்பாறைப் பக்கம் வயலை நம்பிய வீட்டில் பெரும்போக அறுவடை முடிந்து நெல்லு விற்ற கையோடு கேட்பதும், விதைப்புக்குக் கடன்பட்டு நிற்கிற நேரம் கேட்பதும் ஒன்றல்ல.

சட்டப் பக்கம் பலர் சறுக்குகிற இடம் இது. 2007ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கம்பனிகள் சட்டத்தின் கீழ் உத்தரவாதத்தால் வரையறுக்கப்பட்ட கம்பனியாகப் பதிந்திருந்தால், அங்கத்தவர் என்பவர் வெறும் சந்தாக்காரர் இல்லை. கம்பனி கலைக்கப்பட்டால் இவ்வளவு தருவேன் என்று உத்தரவாதம் கொடுத்தவர், பொதுக்கூட்டத்தில் வாக்குரிமை உள்ளவர். இதை யோசிக்காமல் அங்கத்தவர் பெயரில் 300 பேரைச் சேர்த்து, அமைப்பின் விதிகளான யாப்பில் மூன்றிலொரு பங்கு கோரம், அதாவது கூட்டம் செல்லுபடியாகக் குறைந்தது அத்தனை பேர் வரவேண்டும், என்று எழுதியும் வைத்தால், ஒவ்வொரு வருடாந்தப் பொதுக்கூட்டத்துக்கும் நூறு பேரைத் தேடி ஓட வேண்டும். 1980ஆம் ஆண்டின் 31ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் தன்னார்வச் சமூக சேவை அமைப்பாகப் பதிந்திருந்தாலும் யாப்பை எடுத்து ஒருமுறை வாசியுங்கள். வாக்குள்ள அங்கத்தவர் வேறு, ஆதரவாளர் வேறு என்று தொடக்கத்திலேயே பிரித்துவிட்டால் பிறகு சண்டை வராது. கனடாவிலும் சுவிஸிலும் இருந்து காசு அனுப்புகிற உறவுகள் ஆதரவாளர்களாக இருக்கட்டும், அவர்களுக்குக் கணக்கறிக்கை போகட்டும், ஆனால் எந்த ஒழுங்கைக்கு லைட் முக்கியம் என்பதை அந்த ஒழுங்கையில் நடப்பவள் சொல்வதே முறை. தங்கம், வெள்ளி என்று காசுக்கேற்றபடி தரம் பிரிப்பதும் வேண்டாம், ஊரில் ஏற்கனவே இருக்கிற மேல்கீழ் போதும்.

விண்ணப்பப் படிவம் ஒரு பக்கத்துக்கு மேல் போகக் கூடாது. கணவரின் பெயர், தொழில், அடையாள அட்டை இலக்கம் எல்லாம் எதற்கு? 2022இல் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டமும் நிறைவேறியாயிற்று, தேவையில்லாததைச் சேர்த்து வைப்பது உங்களுக்குத்தான் தலையிடி. தொலைபேசி இலக்கம் கேட்டால் "இது யாருடைய கையில் இருக்கும்?" என்றும் கேளுங்கள். மகனுடைய போனுக்குப் போகிற வாட்ஸ்அப் தகவல் தாய்க்குப் போய்ச் சேர்ந்ததாக எண்ணாதீர்கள்.

கூட்டம் எப்போதும் டவுனில் காலை பத்து மணிக்கு என்று வைத்தால் அலுவலகப் பெண்களுக்கும் ஆகாது, தையல் கடையில் நிற்பவளுக்கும் ஆகாது, குருமண்வெளிப் பாதைக்கு, அதாவது வாவியைக் கடக்கிற மிதவைக்கு, காத்திருந்து கடந்து வருகிறவளுக்கு அரை நாள் போய்விடும். வெள்ளி மத்தியானம் வைத்துவிட்டு முஸ்லிம் பெண்கள் வரவில்லை என்று குறைப்படுவதும் நடக்கிறது. இடத்தை மாற்றி மாற்றி வையுங்கள், ஒருமுறை காத்தான்குடி, ஒருமுறை களுவாஞ்சிகுடி.

கடைசியாக, தேர்தல். உள்ளூராட்சி சபைகளில் பெண்களுக்கு 25 வீதம் என்ற ஒதுக்கீடு 2018 தேர்தலில் இருந்து நடைமுறையில் இருக்கிறது, ஆகவே ஒழுங்கை ஒழுங்கையாக ஆட்களைத் தெரிந்த பெண்களைத் தேடிக் கட்சிகள் வரும், உங்கள் தலைவியிடமும் வரும். போட்டியிடுவது நல்ல விசயம், தடுக்க வேண்டாம். வேட்புமனு கொடுக்கிற நாளிலேயே நிர்வாக சபைப் பதவியை விட வேண்டும், அங்கத்தவர் பட்டியலைப் பிரசாரத்துக்கு எடுக்கக் கூடாது என்ற இரண்டு வரியை மட்டும், யாரும் கேட்க முதலே, யாப்பில் எழுதி வையுங்கள். ஒருத்தி நிற்கப்போகிறாள் என்று தெரிந்த பிறகு எழுதினால் அது அவளுக்கு எதிராக எழுதியதாகத்தான் படும்.