குழு தடுமாறும்போது சுன் சூவின் 10-ம் அத்தியாயத்தைத் திறங்கள்

பண்டைய சீனப் படைநூலான சுன் சூவின் 'போர்க்கலை'யில் 13 அத்தியாயங்கள். முதலிலிருந்து படிக்கத் தொடங்கிப் பாதியில் விட்டவர்கள் நேராக 10-ம் அத்தியாயத்துக்குப் போங்கள். நிலவமைப்பைப் பற்றிய அத்தியாயம்தான், ஆனால் நான்கு பேரை வைத்து வேலை வாங்குகிறவருக்கும் உதவும் பகுதி அதில் இருக்கிறது.

ஒரு படை ஆறு விதமாகச் சீர்குலையும், ஆறுமே தளபதியின் தவறு என்கிறார் சுன் சூ. வீரர்கள் வலுவாகவும் அதிகாரிகள் பலவீனமாகவும் இருந்தால் கட்டுப்பாடு தளரும். அதுவே தலைகீழானால் படை சரியும். மூத்த அதிகாரிகள் கோபத்தில் தன்னிச்சையாகப் போரில் இறங்குவது, கட்டளையில் தெளிவில்லாதது, எதிரியைக் கணிக்கத் தெரியாமல் சிறு படையைப் பெரும்படையோடு மோதவிடுவது, பத்து மடங்கு பலத்தின் மீது பாய்வது ஆகியவை மற்றவை.

வேலை கெட்டுப்போனால் யாரைத் திட்டலாம் என்று தேடும் முன், இந்த ஆறையும் தாளில் எழுதி, நடந்ததைக் குறியுங்கள். முதலில் பார்க்க வேண்டியது கட்டளை என்பேன். நேற்று ஒப்படைத்த வேலை என்னவென்று இரண்டு பேரிடம் தனித்தனியே கேளுங்கள். பதில் வேறுபட்டால் காரணம் கிடைத்துவிட்டது.

அப்புறம், வீரர்களைப் பிள்ளைகளைப் போல் நடத்தினால் ஆழமான பள்ளத்தாக்குக்கும் உடன் வருவார்கள் என்ற வரியும் இங்கேதான் வருகிறது. பலர் அதோடு நிறுத்திவிடுகிறார்கள். பாசம் காட்டிக் கட்டளையிடத் தெரியாவிட்டால் அவர்கள் செல்லம் கெடுத்த பிள்ளைகள், எதற்கும் பயன்பட மாட்டார்கள் என்று அடுத்தே எச்சரிக்கிறார். இரண்டையும் சேர்த்தே படியுங்கள்.