வீட்டு மாதிரி ரயில் லேஅவுட்டுக்கு கரி இன்ஜினும் பயணிகள் பெட்டிகளும்: எந்த வரிசையில் வாங்குவது

மாதிரி ரயிலில் எல்லோர் கண்ணும் முதலில் போவது இன்ஜின் மேல்தான். பெரிய 'பசிபிக்' வகை நீராவி இன்ஜின் ஒன்றைப் பிடித்துப்போய் வாங்கிவிட்டு, அதற்குப் பெட்டி, அதற்கு வளைவு, கடைசியில் அதற்கு இடம் என்று தேடுகிறவர்களின் இன்ஜின் பெரும்பாலும் ஷோகேஸில்தான் நிற்கிறது. வரிசையைத் திருப்பிப் போடுங்கள். முதலில் இடம், அந்த இடத்தில் அடங்கும் வளைவு, அந்த வளைவில் ஒழுங்காக ஓடும் பெட்டி, அந்தப் பெட்டிகளை இழுக்கும் இன்ஜின். இன்ஜினுக்குக் காசு கொடுப்பது கடைசி வேலை.

இடமும் வளைவும்

புதுச்சேரியிலும் கடலூரிலும் லேஅவுட்டுக்கென்று, அதாவது மாதிரித் தண்டவாளம் விரித்த பலகைக்கென்று, தனி அறை ஒதுக்கும் வீடு குறைவு. ஹாலின் ஒரு மூலை, அல்லது பிள்ளைகள் படிக்கும் அறையில் பாதி. மொட்டை மாடியில் ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட அறை வேண்டவே வேண்டாம். மே மாத வெயிலில் பிளாஸ்டிக் பாடி வளையும், தண்டவாளம் நீண்டு பிதுங்கும்.

சுலபமாகக் கிடைப்பது 8 அடிக்கு 4 அடி பிளைவுட். அகலம் 1,220 மி.மீ. எச்ஓ, ஓஓ என்ற இரண்டு மாடல் அளவுகளுக்கும் பாதை அகலம் 16.5 மி.மீ.தான்; நிஜ ரயிலைச் சுருக்கும் விகிதம் எச்ஓவில் 1:87, ஓஓவில் 1:76. ஹார்ன்பி, பீகோ கம்பெனிகளின் ரெடிமேட் வளைவுகள் 371, 438, 505, 572 மி.மீ. ஆரங்களில் வருகின்றன. 572 போட்டால் தண்டவாளத்துக்கும் பலகை விளிம்புக்கும் நடுவே இருபது சொச்சம் மி.மீ.தான் மிஞ்சும். தடம் புரண்டால் இன்ஜின் நேராகத் தரைக்குத்தான். ஆகவே 505-ஐ உங்கள் உச்ச வரம்பாக வைத்துக்கொள்ளுங்கள். பலகையைச் சுவரோடு ஒட்டிப் போடாதீர்கள். நான்கு அடி அகலத்தில் மறுகோடிக்குக் கை எட்டாது; பெட்டி கவிழ்வதும் சரியாக அந்தக் கோடியில்தான் இருக்கும். காலுக்கு உருளைச் சக்கரம் மாட்டினால் இழுத்துவிட்டு வேலை பார்க்கலாம்.

இனி கணக்கு. வளைவின் ஆரத்தைப் பெட்டியின் நீளத்தால் வகுங்கள். இரண்டு வந்தால் சில பெட்டிகள் ஓடும், சில ஓடாது. இரண்டரை வந்தால் பெரும்பாலும் தடம் புரளாது. மூன்றைத் தாண்டினால்தான் பார்வைக்கும் ரயில் மாதிரி இருக்கும். பெரம்பூர் ஐ.சி.எஃப். பெட்டியின் உடல் நீளம் 21.3 மீட்டர், எச்ஓவில் 245 மி.மீ. 505 ஆரத்தில் விகிதம் இரண்டுக்குக் கொஞ்சம் மேலே, அவ்வளவுதான். ஓடலாம், ஆனால் மூலைகள் முக்கோணமாய் வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும். ஐரோப்பாவின் 26.4 மீட்டர் பெட்டி எச்ஓவில் 303 மி.மீ.; இந்தப் பலகைக்கு அதை நினைக்கவே வேண்டாம். அதையே 1:100க்குச் சுருக்கி 264 மி.மீ. ஆக்கி விற்பதும் உண்டு, அதுவும் நீளம்தான்.

505 ஆரத்துக்குத் தோதானது 200 மி.மீ.க்குள் அடங்கும் பெட்டி. ஜெர்மனியின் பழைய இரண்டு அச்சுப் பெட்டிகள் எச்ஓவில் 160 மி.மீ. அளவில் வரும், விகிதம் மூன்றைத் தாண்டிவிடும். குட்டி டேங்க் இன்ஜினுக்குப் பின்னால் இவற்றில் நான்கு கோத்தால் கிளைப்பாதைப் பாசஞ்சர் தயார். நீளப் பெட்டிதான் வேண்டும் என்று மனம் அடம்பிடித்தால் அளவையே மாற்றுங்கள். 'என்' (N) என்ற அளவில், அதாவது 1:160, 9 மி.மீ. பாதையில், அதே ஐ.சி.எஃப். பெட்டி 133 மி.மீ. இரண்டரை அடி அகல ஃப்ளஷ் கதவு ஒன்றில் காட்டோ கம்பெனியின் 315 மி.மீ. வளைவு தாராளமாக உட்காரும், விகிதம் 2.4. முழு பிளைவுட்டில் எச்ஓ கொடுப்பதைவிட ஒரு கதவில் 'என்' அதிகம் கொடுக்கிறது. கண்ணாடி போட்டும் சிறு எழுத்து படிக்கச் சிரமப்படுகிறவர்களுக்கு மட்டும் 'என்' அளவு ஒத்துவராது. தடம் புரண்ட போகியை (அடியில் இருக்கும் சக்கரத் தொகுதியை) திரும்ப ஏற்றுவதற்குள் பொறுமை போய்விடும்.

நம்மூர் ரயிலா, வெளியூர் ரயிலா

விழுப்புரம்–புதுச்சேரி பாதை 1879இல் திறந்தது, மீட்டர் கேஜ். திருப்பாதிரிப்புலியூர், கடலூர் துறைமுகம் வழியாக மாயவரம் போன பாதையும் மீட்டர் கேஜ்தான். ஆகவே உள்ளூர்க் காட்சிக்கு உரிய இன்ஜின்கள் ஒய்பி, ஒய்ஜி. இவை பெரிய நிறுவனங்களின் பட்டியலில் இல்லை. பாடியை 3டி பிரிண்ட் செய்தோ, பித்தளைத் தகட்டில் கட்டியோதான் எடுக்க வேண்டும். அந்த வழியில் போகிறவர்கள் 12 மி.மீ. பாதையை எடுத்துக்கொள்ளுங்கள். 1,000 மி.மீ.யை 87ஆல் வகுத்தால் 11.5, வித்தியாசம் அரை மி.மீ. இதே 12 மி.மீ. பாதையில் ஓடும் டிடி என்ற மாடல் அளவுக்கு வரும் சேசிஸ், சக்கரம், தண்டவாளம் எல்லாம் பயன்படும்.

அகலப் பாதைக்கு, அதாவது டபிள்யூபி, டபிள்யூஜிக்கு, 1,676 மி.மீ.யை எச்ஓவில் சுருக்கினால் 19.3 வர வேண்டும், தண்டவாளமோ 16.5. பக்கவாட்டில் பார்த்தால் தெரியாது, நேர் எதிரே பார்த்தால் தெரியும். இதற்காக 19 மி.மீ. பாதையைக் கையால் கட்டக் கிளம்பினால் பாயிண்ட் (பாதை பிரியும் இடம்) முதல் அச்சு வரை எதுவும் கடையில் கிடைக்காது. முதல் லேஅவுட்டுக்கு அந்தக் கிறுக்கு வேண்டாம்.

புதுச்சேரியில் இன்னொரு வசதி உண்டு: பிரான்சில் சித்தப்பா, அத்தை, மாமா யாராவது இல்லாத தெரு குறைவு. பிரெஞ்சு ரயிலைத் தேர்ந்தால் பொருள் பெட்டிச் சாமானோடு வந்து இறங்கும். பிரெஞ்சு ரயில்வேயான எஸ்என்சிஎஃப்-இன் 141ஆர் இன்ஜின் நல்ல தேர்வு. 1945 முதல் அமெரிக்காவிலும் கனடாவிலும் 1,340 இன்ஜின்கள் கட்டினார்கள், 17 கப்பலோடு மூழ்கிப் போயின. நம்முடைய முதல் 16 டபிள்யூபியும் 1947இல் அமெரிக்க பால்ட்வின் கட்டியவைதான்; அந்த அமெரிக்கக் கட்டுமானம் நம் கண்ணுக்கு அன்னியமாக இருக்காது. பிரெஞ்சு மாடல் கம்பெனியான ஜுவெஃப் 141ஆரை எச்ஓவில் செய்திருக்கிறது. அட்டையில் 141, 231 என்று இருப்பது அச்சுக் கணக்கு. சக்கரக் கணக்கில் 2-8-2, 4-6-2.

வாங்கிவரச் சொல்லும்போது மாடல் பெயர் மட்டும் அனுப்பினால் போதாது. இரண்டு தண்டவாளம், நேர்மின்னோட்டம் என்று அழுத்திச் சொல்லுங்கள். ஒரே மாடல் மூன்று தண்டவாள, மாறுமின்னோட்டப் பதிப்பாகவும் வரும். மார்க்லின் கம்பெனியின் அந்த முறைச் சக்கரங்களில் இடது வலது பிரிக்கும் இன்சுலேஷன் கிடையாது. உங்கள் தண்டவாளத்தில் வைத்த நொடியே ஷார்ட். அமெரிக்காவிலிருந்து செட் வருகிறதென்றால் கன்ட்ரோலரின் அடாப்டரைப் பாருங்கள். 120 வோல்ட் மட்டும் என்று எழுதியிருந்தால் நம் 230இல் செருகினால் புகை உண்மையாகவே வரும். தபாலில் வரவழைப்பவர்கள் வரியைக் கூட்டிப் பார்க்க வேண்டும்: பொம்மைகளுக்கான இறக்குமதி வரி 2020இல் 20 சதவீதத்திலிருந்து 60க்கும், 2023இல் 70க்கும் ஏறியது.

பெட்டியில் பார்க்க வேண்டியது

பெட்டியைத் தலைகீழாகத் திருப்புங்கள். சக்கரம் உலோகமா? பிளாஸ்டிக் சக்கரம் அழுக்கைத் தண்டவாளம் முழுக்கப் பூசும். பெட்டிகளை இணைக்கும் கப்ளிங் செருகும் இடம் என்இஎம் 362 (ஐரோப்பிய மாடல் தரம்) பாக்கெட்டா? அப்படியென்றால் எந்தக் கம்பெனிக் கப்ளிங்கையும் இரண்டு விரலால் மாற்றலாம். பழைய பெட்டிகளில் கப்ளிங் போகியோடு வார்த்தே வந்திருக்கும், அறுத்து ஒட்டத்தான் வேண்டும்.

உருளும் தன்மைக்கு ஒரு மீட்டர் பலகையில் தண்டவாளத்தை ஒட்டி, ஒரு முனையை 20 மி.மீ. உயர்த்துங்கள். நல்ல பெட்டி தானாக உருண்டு இறங்கும். இறங்காத பெட்டியில் அச்சு முனை குழியில் இறுகியிருக்கும், இல்லையென்றால் உள்விளக்குக்கு மின்சாரம் எடுக்கும் தகடு சக்கரத்தை அமுக்கிக்கொண்டிருக்கும். விளக்குப் பெட்டி அழகுதான். ஆனால் நான்கு விளக்குப் பெட்டிகளின் உராய்வு, குட்டி இன்ஜினை நின்ற இடத்திலேயே சுற்ற வைத்துவிடும்.

எடைக்கு அமெரிக்க மாடலர் சங்கத்தின் கணக்கு எளிது: எச்ஓவில் ஒரு அவுன்ஸ், கூடவே ஒவ்வொரு அங்குல நீளத்துக்கும் அரை அவுன்ஸ். 245 மி.மீ. பெட்டிக்கு சுமார் 165 கிராம். இதைவிட முக்கியம் எல்லாப் பெட்டியும் ஒரே எடையாக இருப்பது. கனத்த பெட்டிகளுக்கு முன்னால் லேசான பெட்டி மாட்டினால், வளைவில் பின்பாரம் அதை உள்பக்கமாக இழுத்துக் கவிழ்க்கும். எடை கூட்ட, துறைமுகப் பக்கம் வலைக்கடைகளில் கிடைக்கும் ஈயக்குண்டு போதும். ஆனால் ஃபெவிகால் போட்டு ஒட்டாதீர்கள். அந்த வெள்ளைப் பசையோடு ஈயம் வினைபுரிந்து, சில வருடத்தில் வெள்ளையாய்ப் பூத்து ஊதி, பாடியையே பிளக்கும். அரால்டைட் போன்ற எப்பாக்ஸி பாதுகாப்பு. ஈயம் தொட்ட கையைச் சோப்பு போட்டுக் கழுவுங்கள்.

வெளிநாட்டுப் பெட்டியை நம்மூர்ப் பெட்டியாக்கும் ஒரே அடையாளம் ஜன்னல் கம்பி. நிறம் அடுத்தபடிதான், கரி இன்ஜின் காலத்துக்குக் காவிச் சிவப்பு, நீலம் பின்னால் வந்தது. பாடியைக் கழற்றி, கண்ணாடிக்குப் பதிலாக ஓஎச்பி ஷீட்டை ஜன்னல் வரிசை நீளத்துக்கு ஒரே பட்டையாக வெட்டுங்கள். ரூலிங் பேனாவில் சாம்பல் நிற அக்ரிலிக்கைத் தண்ணீராக்கி ஏற்றி, 1 மி.மீ. இடைவெளியில் குறுக்காக நீளக்கோடுகள் இழுங்கள். கோடு ஜன்னலுக்கு ஜன்னல் நிற்காமல் முழு நீளத்துக்கும் போகட்டும், அப்போதுதான் எல்லா ஜன்னலிலும் கம்பி ஒரே மட்டத்தில் தெரியும். காய்ந்ததும் கோடு போட்ட பக்கம் உள்ளே இருக்கும்படி ஒட்டினால் விரல் பட்டு அழியாது.

இப்போது இன்ஜின்

அட்டையில் குறைந்தபட்ச ஆரம் எழுதியிருக்கும். 438 என்று எழுதியிருந்தால் 438இல் ஓடும் என்றுதான் பொருள். இன்ஜினுக்கும் டெண்டருக்கும் (பின்னால் மாட்டும் கரி, தண்ணீர் வண்டி) நடுவே விரல் போகும் இடைவெளி விட்டு ஓடும். ஒரு படி பெரிய வளைவு உங்களிடம் இருந்தால் நிம்மதி. சக்கர எண்ணிக்கையைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். ஜெர்மன் 2-10-0 இன்ஜின்கள் பல 360 மி.மீ. வளைவிலேயே போகும், நடு அச்சுகளுக்குப் பக்கவாட்டில் ஆட்டம் விட்டிருப்பார்கள். தொல்லை கொடுப்பது முன் போகி. இறுக்கமான வளைவில் அதன் சக்கரம் உலோக சிலிண்டரையோ சட்டத்தையோ தொட்டு ஷார்ட் ஆகும். வளைவில் மட்டும் இன்ஜின் வெட்டி வெட்டி ஓடினால் முதலில் அங்கே பாருங்கள்.

மின்சாரம் எத்தனை சக்கரத்திலிருந்து எடுக்கிறது என்பதுதான் நீராவி இன்ஜின் மாடலின் உயிர். டெண்டர் சக்கரங்களும் எடுத்தால் பாயிண்ட்டில் நிற்காது. நான்கு சக்கரக் குட்டி இன்ஜின் விலை குறைவு என்று வாங்கினால் ஒவ்வொரு பாயிண்ட்டிலும் விரலால் தள்ள வேண்டியிருக்கும். ஆறு சக்கரத்துக்குக் கீழே போகாதீர்கள்.

இழுக்கும் பலம் டீசலைவிடக் குறைவு. மட்டப் பாதையில் ஐந்து பெட்டி இழுப்பது நூற்றுக்கு இரண்டு ஏற்றத்தில் மூன்றோடு திணறலாம். ஒரு பாதை மேல் இன்னொரு பாதை ஏற எச்ஓவில் 70 மி.மீ. உயரம் வேண்டும், அந்த ஏற்றத்தில் அதற்கு மூன்றரை மீட்டர் நீளம் போகும். ஒற்றை பிளைவுட்டில் மேம்பாலம் வேண்டாம் என்பதற்கு இந்தக் கணக்கே போதும்.

டிசிசி என்பது ஒவ்வொரு இன்ஜினுக்கும் தனித்தனியாகக் கட்டளை அனுப்பும் டிஜிட்டல் முறை. 'டிசிசி ரெடி' என்றால் உள்ளே சாக்கெட் மட்டும் இருக்கிறது, அந்தக் கட்டளையை வாங்கும் டிகோடர் இல்லை. எட்டு முள், 21 முள், நெக்ஸ்ட்18 என்று சாக்கெட் வகை மாறும். அதைப் பார்த்துவிட்டு டிகோடர் வாங்குங்கள். ஒரே இன்ஜின் ஓட்டும் வீட்டுக்குச் சாதாரண 12 வோல்ட் கன்ட்ரோலரே போதும்.

பழைய இன்ஜின் வாங்கப் போகும்போது சட்டைப்பையில் ஒரு 9 வோல்ட் பேட்டரியும் இரண்டு வயரும் இருக்கட்டும். வயரைச் சக்கரங்களில் தொட்டால் மோட்டார் ஓட வேண்டும். ஓடாவிட்டால் உடனே ஒதுக்காதீர்கள். பல பழைய மாடல்களில் ஒரு துருவம் இன்ஜின் சக்கரத்திலும் மறு துருவம் டெண்டர் சக்கரத்திலும் இருக்கும், ஒரு வயரை இன்ஜின் சக்கரத்திலும் மற்றதை டெண்டர் சக்கரத்திலும் தொட்டுப் பாருங்கள். வார்ப்புச் சட்டத்தில் மயிரிழை விரிசலோ வீக்கமோ தெரிந்தால் மட்டும் பேரம் பேசாமல் வந்துவிடுங்கள். துத்தநாகக் கலவை உள்ளிருந்தே சிதையும் நோய் அது, மருந்து கிடையாது. கையில் எடுக்கும்போது பாய்லரைப் பிடியுங்கள், பக்கத்துக் கம்பிகளை அல்ல. டெண்டரோடு மெல்லிய வயர் இணைப்பு இருந்தால் இரண்டையும் சேர்த்துத் தூக்குங்கள்.

கடற்காற்று

இரும்புத் தண்டவாளம் மலிவாகக் கிடைத்தாலும் கடலோரத்தில் ஒரு ஐப்பசி தாங்காது. நிக்கல் சில்வர்தான் வாங்க வேண்டும். அதுவும் கறுக்கும், செல்போன் ரிப்பேர் கடைகளில் கிடைக்கும் ஐசோப்ரோப்பைல் ஆல்கஹாலைப் பஞ்சுத் துணியில் நனைத்துத் துடையுங்கள், உப்புத்தாள் போட்டால் கீறலில் அழுக்கு இன்னும் சீக்கிரம் ஏறும். பிளைவுட் ஐஎஸ் 710 முத்திரை உள்ளதாக இருக்கட்டும்; அடிப்பக்கமும் விளிம்பும் சேர்த்துப் பெயின்ட் அடித்தால் மழைக்காலத்தில் கோணாது.

இன்ஜின் வந்த அட்டைக்குள் இருக்கும் ஸ்பான்ஜ் நம் ஈரத்தில் சில வருடத்தில் பிசுபிசுத்துப் பெயின்ட்டோடு ஒட்டிக்கொள்ளும். அதை எடுத்துவிட்டுப் பருத்தித் துணியில் சுற்றி, சிலிகா ஜெல் பையோடு பீரோவில் வையுங்கள். சக்கரத்தில் மாட்டியிருக்கும் ரப்பர் வளையமும் இறுகி வெடிக்கும். இன்ஜின் வாங்கும் அன்றே, அதோடு வரும் பாகப் படத்தில் அந்த வளையத்தின் எண்ணைப் பார்த்து இரண்டு ஜோடி சேர்த்து வாங்கிக்கொள்ளுங்கள். அந்த மாடல் தயாரிப்பு நின்ற பிறகு முதலில் தீர்ந்துபோகிற சாமான் அதுதான்.