மணல் மேட்டில் பங்களா கட்டுகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ராமநாதபுரம் கடற்கரையில் மலை கிடையாது. ராமேசுவரத்தில் நாம் ஏறிக் கும்பிடும் கந்தமாதன பர்வதமே ஒரு மணல் குன்றுதான். ஆனாலும் மேட்டில் வீடு கட்டி, மாடியில் நின்று கடலைப் பார்க்கிற ஆசை இங்கே பலருக்கு உண்டு. வளைகுடாவிலும் சிங்கப்பூரிலும் சம்பாதித்து வந்தவர்கள் பெரியபட்டினம், உச்சிப்புளி, மண்டபம் பக்கம் மணல் மேடாகப் பார்த்து இடம் வாங்குகிறார்கள். ஒரு கோடி, இரண்டு கோடி என்று பணத்தை இறக்குகிறார்கள்.

போன மாதம் அப்படி ஒரு இடத்துக்கு என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். இளம் இன்ஜினியர், பிளான் அழகாகப் போட்டிருந்தார். நான் போய்ச் சேர்ந்தபோது ஜேசிபி மேட்டில் பாதியை வழித்துவிட்டிருந்தது. ஓரத்தில் புதிதாகப் போட்ட போரிலிருந்து தண்ணீர் தொட்டிக்குள் விழுந்துகொண்டிருந்தது. இருபது வருடத்துக்கு முன்னால் நான் செய்த அதே இரண்டு தவறுகள், அதே வரிசையில். வீட்டுக்குப் போயும் மனசு ஆறவில்லை. அதனால்தான் எழுதுகிறேன். வாஸ்து, ஒப்பந்தம், பிளான் அனுமதி இதெல்லாம் எல்லாருக்கும் தெரிந்ததுதான், விட்டுவிடுகிறேன்.

மேட்டைத் தள்ளிச் சமப்படுத்துவது

முதலில் சட்டம். கடல் ஏறும்போது தண்ணீர் எட்டுகிற உயர் அலைக் கோட்டிலிருந்து 500 மீட்டர் வரை கடற்கரை ஒழுங்குமுறை மண்டலம். கிராமப் பகுதிகளில் பெரும்பாலும் முதல் 200 மீட்டருக்குள் புதிதாக வீடு கட்ட முடியாது. கடலோர மணல் குன்றுகளோ இந்த மண்டலத்துக்கான அரசு அறிவிக்கையில் மிகவும் கடுமையாகப் பாதுகாக்கப்படும் வகையில் இருக்கின்றன. பட்டா கையில் இருக்கிறது என்பதற்காகக் குன்றை வழிக்க முடியாது. இடம் வாங்கும் முன்பே இதைப் பார்த்துவிடுங்கள்.

மண்டலத்துக்கு வெளியே, உள்ளே தள்ளி இருக்கும் மேடு என்றே வைத்துக்கொள்வோம். அங்கேயும் நம் ஆட்கள் செய்வது ஒன்றுதான். மேட்டை வெட்டி, அந்த மணலையே பள்ளத்தில் தள்ளி, சமமான தரை ஆக்கி, நடுவில் வீட்டை வைக்கிறார்கள். வீட்டில் பாதி காலங்காலமாகப் படிந்து கெட்டிப்பட்ட மணலில் நிற்கிறது, மறுபாதி நேற்றுக் கொட்டிய மணலில். இரண்டு மழைக்குள் நிரப்பிய பக்கம் இறங்கும். ஜன்னல் மூலையிலிருந்து சுவரில் சாய்வாக விரிசல் ஓடும். வீட்டை மேட்டின் சரிவுக்கு ஏற்ப இரண்டு மூன்று படியாக இறக்கிக் கட்டினால் இந்தத் தொல்லை இல்லை. ஹால் மேலே, படுக்கையறைகள் நாலு படி கீழே. பார்க்கவும் அதுதான் அழகு.

மேட்டில் படர்ந்திருக்கிற அடப்பங்கொடியையும் ராவணன் மீசைப் புல்லையும் குப்பை என்று நினைத்து வழித்துவிடுகிறார்கள். மணலைப் பிடித்து வைத்திருப்பதே அவைதான். பனைமரங்களும் அப்படித்தான். அவை போனால் கச்சான் என்கிற தென்மேற்குக் காற்றில் மணல் வீட்டுக்குள் வரும். வாசற்படியில் முழங்கால் உயரத்துக்கு மணல் சேர்ந்த வீட்டை நான் பார்த்திருக்கிறேன்.

அப்புறம் தண்ணீர். மேடு மழையைக் குடித்து அடியில் வைத்திருக்கிறது. நல்ல தண்ணீர் லேசானது, உப்புத் தண்ணீரின் மேலே நிற்கும். நம் பெண்கள் மணலில் ஊற்றுத் தோண்டி, சிரட்டையால் மொண்டு குடத்தை நிறைப்பது இந்தத் தண்ணீரைத்தான். கடல் மட்டத்துக்கு மேலே ஒரு அடி நல்ல தண்ணீர் நின்றால், கீழே சுமார் நாற்பது அடிக்கு நல்ல தண்ணீர் இருக்கும் என்பது கணக்கு. மேட்டை வெட்டி, மோட்டார் போட்டு இறைத்து, மேலே அந்த ஒரு அடியைக் குறைத்தால் கீழேயிருந்து நாற்பது அடிக்கு உப்பு ஏறும். அந்த உப்புத் தண்ணீர் எங்கே போகிறது என்பதுதான் அடுத்த தவறு. இதை மட்டும் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும்.

போர் தண்ணீரில் கான்கிரீட் போடுவது

2004-ல் உச்சிப்புளிக்கும் மண்டபத்துக்கும் நடுவே ஒரு வீடு கட்டினேன். என் முதல் பெரிய வேலை. இரண்டு தளம், கடலைப் பார்த்து நீளமான பால்கனி. எண்பது அடி போர். தண்ணீர் உப்புதான், ஆனால் கொட்டோ கொட்டென்று கொட்டியது. சிமெண்டில் குறை வைக்கவில்லை, கம்பியும் நல்ல கம்பி. சித்தாளாக வந்த அக்காமார் தினமும் குடிக்கிற தண்ணீரை ஊரிலிருந்து பிளாஸ்டிக் குடத்தில் தூக்கி வருவார்கள். போர் தண்ணீரை வாயில் வைக்க முடியாது என்பார்கள். அதே தண்ணீரில்தான் கலவை ஓடியது. கான்கிரீட் காயாமல் இறுகுவதற்காக அதே தண்ணீரைத்தான் தளத்தில் பாத்தி கட்டித் தேக்கினோம். தினமும் கண் முன்னால் பார்த்தும் எனக்கு உறைக்கவில்லை.

ஆறாவது வருடம் சன்சேடின் அடியில் பென்சிலால் கோடு போட்டது போலப் பழுப்பு நிறத்தில் ஒரு கீற்று. பூசி, பெயிண்ட் அடித்தோம். ஒன்பதாவது வருடம் ஒரு ராத்திரி பால்கனியின் அடிப்பாகம் இரண்டு அடி நீளத்துக்குப் பெயர்ந்து வாசலில் விழுந்தது. சாயந்தரம் வரை வீட்டுக்காரரின் பேரன் அந்த இடத்தில் உட்கார்ந்து விளையாடிக்கொண்டிருந்திருக்கிறான். மறுநாள் போய்க் கம்பியைத் தொட்டுப் பார்த்தேன். வெங்காயச் சருகு மாதிரி அடுக்கடுக்காகக் கையோடு உரிந்து வந்தது. 12 மில்லிமீட்டர் கம்பியில் பாதிகூட மிச்சமில்லை. அவர் என்னைத் திட்டவில்லை. "தம்பி, நீங்க இருந்துதானே போட்டீங்க?" என்று மட்டும் கேட்டார்.

நடந்தது இதுதான். சிமெண்டுக்குள் இருக்கிற கம்பியின் மேல் துருப்பிடிக்க விடாத மெல்லிய படலம் ஒன்று தானாக உண்டாகும். உப்பில் இருக்கும் குளோரைடு அந்தப் படலத்தை உடைத்துவிடும். துரு, இரும்பைப் போல இரண்டு முதல் ஆறு மடங்கு இடத்தை அடைக்கும். உள்ளேயிருந்து நெம்புவதால்தான் கான்கிரீட் பிளந்து விழுகிறது. கடற்காற்றில் இருக்கிற உப்பு உள்ளே நுழையப் பல வருடம் ஆகும். நாமோ முதல் நாளே அதைக் கலவையில் ஊற்றிவிடுகிறோம்.

கம்பி போட்ட கான்கிரீட்டுக்கு ஐஎஸ் 456 என்ற இந்தியத் தரநிலை கலவைத் தண்ணீரில் அனுமதிப்பது லிட்டருக்கு 500 மில்லிகிராம் குளோரைடு. கடல் தண்ணீரில் சுமார் 19,000 இருக்கும். சுத்தமான தண்ணீர் நூறு குடத்தில் மூன்று குடம் கடல் தண்ணீர் கலந்தாலே எல்லை தாண்டிவிடும். லேசாக உப்புக் கரிக்கிற சப்பைத் தண்ணீர் குடித்துப் பழகிய நாக்கை நம்ப வேண்டாம். தண்ணீரில் கரைந்திருப்பதை மொத்தமாக அளக்கிற டிடிஎஸ் மீட்டரும் குளோரைடைத் தனியாகக் காட்டாது. ஒரு லிட்டர் பாட்டிலில் பிடித்து ஆய்வகத்தில் கொடுங்கள். அங்கே வெள்ளி நைட்ரேட் இரண்டு சொட்டு விட்டால் நம் போர் தண்ணீர் பால் மாதிரி வெளுத்துப்போவதை நீங்களே பார்க்கலாம்.

எனக்கு இன்றைக்கும் கோபம் வருவது இதில்தான். ஐந்து அங்குல கனத்தில் ஆயிரம் சதுர அடித் தளம் போட ஏறக்குறைய 12 கன மீட்டர் கான்கிரீட் வேண்டும். அதற்குக் கலவைத் தண்ணீர் சுமார் 2,000 லிட்டர், அவ்வளவுதான். ஒரு டேங்கரில் பாதிகூட வராது. இத்தாலி மார்பிளுக்கு லட்சக்கணக்கில் கொடுப்பவர்கள், டேங்கர் தண்ணீர் என்றதும் "எதுக்கு சார் வீண் செலவு, போர்தான் ஓடுதே" என்கிறார்கள். தளத்தை நனைக்கவும் நல்ல தண்ணீர்தான் வேண்டும். பாத்தி கட்டினால் செலவு கூடும் என்றால் சாக்கை விரித்து நனைத்து, மேலே பாலிதீன் ஷீட் போட்டு மூடுங்கள். நம் வெயிலுக்குச் சாதா சிமெண்டுக்குப் பத்து நாள், இரும்பாலைக் கசடு சேர்த்த ஸ்லாக் சிமெண்டுக்குப் பதினான்கு நாள் நனைக்க வேண்டும். ஸ்லாக் சிமெண்ட் உப்பு உள்ளே போவதைத் தாமதப்படுத்தும், கடலோரத்துக்கு நான் அதைத்தான் போடுகிறேன்.

தண்ணீரைச் சரி செய்துவிட்டுக் கவரில், அதாவது கம்பியை மூடி நிற்கிற கான்கிரீட்டின் கனத்தில், கோட்டை விடுகிறவர்களும் உண்டு. கடலோரத்துக்கு எம் 30 என்ற வலிமைத் தரத்தில் கான்கிரீட், கம்பிக்கு வெளியே 45 மில்லிமீட்டர் கவர், இதுதான் குறைந்தபட்சம். அலைத் துளி தெறிக்கிற தூரம் என்றால் எம் 35, கவர் 50. கொத்தனார் கம்பிக்கு அடியில் ஜல்லிச் சில்லை முட்டுக் கொடுத்தால் எடுத்துப் போடச் சொல்லுங்கள். அதே தரத்துக் கான்கிரீட்டில் வார்த்த கவர் பிளாக்தான் வேண்டும். கட்டிய கம்பி பல நாள் காற்றில் நின்றால் அதன் மேலும் உப்புப் படியும். கான்கிரீட் போடும் முன் பிரஷ்ஷால் தேய்த்து, நல்ல தண்ணீரில் கழுவ வேண்டும்.

ஒருமுறை உப்பு உள்ளே போய்விட்டால் ஒட்டுப்போட்டு மீட்க முடியாது. விழுந்த இடத்தை மட்டும் கொத்திப் புதிதாகப் பூசினால், அந்த ஒட்டுக்குப் பக்கத்திலேயே பழைய கான்கிரீட்டில் துரு இன்னும் வேகமாகப் பிடிக்கும். அந்த வீட்டில் நாங்கள் மூன்று முறை ஒட்டினோம். கடைசியில் பால்கனியையே இடித்தோம். 1914-ல் திறந்த பாம்பன் ரயில் பாலத்தை உப்புக் காற்று என்ன பாடு படுத்தியது என்று இந்த ஊரில் பிறந்த எல்லாருக்கும் தெரியும். 2025-ல் திறந்த புதிய பாலத்துக்குத் துருவேறா எஃகுக் கம்பியும் பாலிசிலோக்சேன் என்ற துருத் தடுப்புப் பூச்சும் கொடுத்திருக்கிறார்கள். அதே காற்றில்தான் நம் வீடும் நிற்கப்போகிறது.

கடல் மணல்

கலவைக்கு வேண்டாம், பூச்சுக்கும் வேண்டாம். கழுவினாலும் வேண்டாம்.

304 ஸ்டீல் கைப்பிடி

முதல் வருடமே தேநீர் சிந்தியது போலக் கறை விழும். அதைவிட உப்பைத் தாங்குகிற 316 ரக ஸ்டீல் என்று எழுதி வாங்குங்கள், பில்லிலும் அது இருக்கட்டும்.

செப்டிக் டேங்கை மேட்டின் உச்சியில் வைப்பது

மணலில் கழிவுநீர் சரியாக வடிகட்டப்படாமல் வேகமாக இறங்கும். கீழே இருப்பது அக்கம்பக்கத்தார் குடிக்கிற ஊற்று. தொட்டிக்கு அடித்தளம் கான்கிரீட்டாக இருக்க வேண்டும், ஊற்றிலிருந்து எவ்வளவு தள்ள முடியுமோ அவ்வளவு தள்ளி வையுங்கள்.

தென்கடலைப் பார்த்து முழுக்கக் கண்ணாடி

கச்சான் காலத்தில் மணல் அறைந்து இரண்டே வருடத்தில் மங்கிவிடும்.

போன மாதம் பார்த்த இன்ஜினியர் தம்பி அன்றைக்கே பாட்டிலில் தண்ணீர் பிடித்துக்கொண்டு போனார். குளோரைடு லிட்டருக்கு 1,900 மில்லிகிராம் வந்ததாகப் போன் செய்தார். மறுநாள் டேங்கர் வந்துவிட்டது, ஜேசிபியையும் நிறுத்திவிட்டார்கள். ஆறு தூணுக்கு அஸ்திவாரம் போர் தண்ணீரிலேயே போட்டாகிவிட்டது, அதை என்ன செய்வது என்று வீட்டுக்காரர் கேட்கிறாராம். இடித்து எடுக்கத்தான் சொன்னேன். திங்கட்கிழமை இடிக்கிறார்கள், நானும் போகிறேன்.