டொமஹாக்குக்கு நீளப் பிடி போடப்போகிறீர்களா? நான் பாழாக்கிய இரண்டு பிடிகளின் கதை

கனடாவில் இருந்து வந்த மச்சான் பெட்டிக்குள் உடுப்புகளுக்கு நடுவே சுற்றிக் கொண்டுவந்து தந்த டொமஹாக் ஒன்று என்னிடம் இருக்கிறது, வட அமெரிக்கப் பழங்குடிகள் பாவித்த சின்னக் கைக்கோடரி மாதிரி. 22 அங்குலம், ஹிக்கரி மரப் பிடி. அவிசாவளையில் நண்பனின் காணியில் ஒற்றைக் கையால் விறகு கொத்திக் கொத்தித் தோள் விட்டுப்போனதால், இரண்டு கையாலும் பிடிக்கிற மாதிரி நீளமாக ஒன்று போட்டால் என்ன என்று யோசித்தேன். போட்டேன். மூன்றாவது பிடிதான் சரியாக வந்தது.

முதல் தவறு, அதைக் கோடரி என்று நினைத்தது. நேராகப் பழைய சோனகத் தெருவுக்குப் போய் ஹார்ட்வெயார் கடையொன்றில் ஆயத்தக் கோடரிப் பிடி வாங்கி வந்துவிட்டேன், அடியில் அழகான குமிழ், உச்சியில் ஆப்பு அடிக்க ஒரு பிளவு. வீட்டுக்கு வந்து பார்த்தால் எதுவும் பொருந்தவில்லை. கோடரிக்குப் பிடி கீழிருந்து மேலே போகும், உச்சியில் ஆப்பு அடித்து இறுக்குவோம். டொமஹாக்கில் எல்லாம் தலைகீழ். துளையின் மேல்வாய் அகலம், கீழ்வாய் ஒடுக்கம், பிடியின் அடிமுனையை மேலிருந்து உள்ளே விட்டு முழுப் பிடியையும் கீழே இழுக்க வேண்டும், உச்சியில் தடித்திருக்கும் பகுதி துளைக்குள் வந்து சிக்கி நிற்கும். பிக்காசுக்குப் பிடி போடுவதைப் பார்த்திருந்தால் உடனே விளங்கும். வீச வீசத் தலை வெளியே ஓடப் பார்க்கும், ஓட ஓட இன்னும் இறுகும். ஆப்பும் வேண்டாம், ஆணியும் வேண்டாம், அரல்டைட் பசை வேண்டவே வேண்டாம்.

இதிலிருந்து வரும் ஒரு விஷயத்தைப் பலர் கவனிப்பதில்லை: தலைக்குக் கீழே இருக்கும் பிடி முழுவதும் அந்தத் துளைக்குள்ளால் போய்வரக்கூடிய தடிப்புத்தான் இருக்க முடியும். அடியில் குமிழ் வைக்க முடியாது. நானோ பிடிவாதமாக, கடைப் பிடியின் கழுத்தைப் படிபோல வெட்டிக் கீழிருந்து ஏற்றி ஆப்பும் அடித்தேன். பத்துப் பதினைந்து கொத்தில் சரியாக அந்தப் படி வெட்டிய இடத்தில் முறிந்தது. நல்லவேளை, தலை மதில் பக்கம் போய் விழுந்தது.

இப்படி ஏன் செய்தார்கள் என்றால், அந்தக் காலத்தில் வட அமெரிக்கப் பழங்குடிகளுடன் பண்டமாற்றுக்காகச் செய்த தலைகளில் பல, இரும்புப் பட்டையை ஒரு கம்பியைச் சுற்றி மடித்து, வெட்டுவாயில் உருக்கு வைத்து ஒட்டியவை. பிடி உடைந்தால் காட்டிலேயே ஒரு கம்பை வெட்டி, கத்தியால் சீவிப் போட்டுக்கொண்டு நடக்கலாம். டொமஹாக் என்ற சொல்லும் வர்ஜீனியாப் பக்கத்து அல்கோன்கிய மொழியில் இருந்து வந்ததுதான். நீளப் பிடி ஆசையும் எனக்கு மட்டும் வந்ததல்ல. நியூசிலாந்தில் மாவோரிகள் ஐரோப்பியரிடம் வாங்கிய கோடரித் தலைகளுக்கு நீளப் பிடி போட்டு ‘காகாவுரோவா’ என்று பெயரே வைத்தார்கள், அர்த்தம் ‘நீளக் காம்பு’.

சரி, மரத்துக்கு வருவோம். ஹிக்கரி இங்கே கிடைக்காது, அதைத் தேடி அலைய வேண்டாம். ஆனால் கையில் கிடைத்த தேக்கு, மஹோகனித் துண்டைப் போடுவதும் பிழை, அதெல்லாம் தளபாட மரம், அதிர்ச்சி தாங்காது. தும்புத்தடிக்குப் போடும் இறப்பர் மரமும் வேண்டாம், பதப்படுத்தாவிட்டால் பூஞ்சணமும் வண்டும் தின்றுவிடும். பாலை மரம் கல்லு மாதிரி, ஆனால் பாரம், கையில் அதிரும். என் தெரிவு ஹல்மில்ல, தமிழில் சாவண்டலை. வெள்ளைக்காரன் திருகோணமலை மரம் என்று பெயர்வைத்து ஏற்றுமதி செய்தது இதைத்தான், மெட்ராஸ் கரையில் அலைக்குள் ஓட்டிய மசூலாப் படகுகளுக்கும் இதுவே போனது. வளைந்து கொடுக்கும், இலகுவில் முறியாது. மொறட்டுவையில் மரக்காலையில் கேட்டால் துண்டு கிடைக்கும், ஆனால் நன்றாகக் காய்ந்ததா என்று கேட்டு வாங்குங்கள். கொழும்புக் காற்றின் ஈரத்தில் பச்சை மரம் காய மாதக்கணக்கில் ஆகும்.

மரம் நல்லதாக இருந்தாலும் நார் ஓடும் திசை பிழைத்தால் எல்லாம் வீண். என் இரண்டாவது பிடி அப்படித்தான் போனது. பார்க்க நேரான பலகை, ஆனால் நார் சரிவாக ஓடி நடுவிலேயே பக்கத்தால் வெளியே வந்திருந்தது, ஒரு கொத்துத் தவறியதும் சரிவாகவே பிளந்தது. இப்போது வாங்கும்போதே பேனா மையில் ஒரு சொட்டு வைத்துப் பார்க்கிறேன், மை ஊறும் கோடு நாரோடு ஓடும். கணு இருந்தால் விட்டுவிடுங்கள், எவ்வளவு மலிவாகத் தந்தாலும்.

இனி முக்கியமான இடம், உச்சியில் இருக்கும் நான்கு விரல் நீளம். நீளப் பிடி போடும் எல்லாரும் கீழ்ப்பக்கத்தைத்தான் பார்த்துச் சீவுகிறார்கள், பிடிப்பு முழுக்க இருப்பதோ இங்கே. முதலில் துளையின் உள்விளிம்பில் இருக்கும் பிசிறையும் தடித்த பெயின்டையும் உருண்டை அரத்தால் எடுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் அது நாரை அறுக்கும். பிறகு விளக்குச் சுடரில் ஒரு கரண்டியைப் பிடித்துக் கரி எடுத்து, துளைக்குள் மெல்லிசாகப் பூசி, பிடியை இழுத்துத் தட்டி, திரும்பக் கழற்றிப் பாருங்கள். மரத்தில் கரி ஒட்டிய இடம் முட்டும் இடம், அதை மட்டும் சீவ வேண்டும். முதல் தடவை ஒரு பக்கத்தில் நகத்தளவு கறுப்புத்தான் இருக்கும். திரும்பப் போட்டு, திரும்பக் கழற்றி, கண்ணாடித் துண்டால் சுரண்டி... எனக்குப் பதினேழு தடவை எடுத்தது. சுற்றிவரக் கறுப்பு வந்தால்தான் முடிந்தது. அவசரப்பட்டு ஒரே மூச்சில் சீவித் தள்ளினால் தலை நழுவி மேலே ஏறிக் கழன்றுவிடும், பிறகு ஒன்றும் செய்ய முடியாது. உச்சியில் ஒரு விரல் அகலம் மரம் வெளியே நிற்கட்டும், பாவிக்கப் பாவிக்கத் தலை அதை நோக்கித்தான் ஏறும்.

தலை ஆடினால் கோடரியின் அடியை நிலத்தில் குத்துவது நம் பழக்கம். டொமஹாக்கில் அப்படிச் செய்தால் கழன்று கால்பக்கம் வரும். தலைகீழாகப் பிடித்து, உச்சியை மரக்குற்றியில் தட்ட வேண்டும். தண்ணீரில் ஊறப்போடுவதும் வேண்டாம். ஊறி வீங்கிய நார் துளைக்குள் நசிந்து, காய்ந்ததும் முன்னையைவிட ஆடும்.

சில தலைகளில் பக்கத்தில் ஒரு சிறிய திருகாணி வரும், கோல்ட் ஸ்டீல் என்ற அமெரிக்கக் கத்திக் கம்பனிக்காரர் அப்படித்தான் செய்கிறார்கள். பிடி சரியாகப் பொருந்தினால் அதைக் கழற்றி லாச்சிக்குள் போடுங்கள். அது குத்தும் இடத்தில் இருந்துதான் வெடிப்புத் தொடங்கும்.

நீளத்தை முன்பே முடிவுசெய்து வெட்டாதீர்கள். 34 அங்குலம் விட்டு, வீசிப் பார்த்து, அடியில் இருந்து கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தேன், 28இல் நின்றது. தலை இலேசு, அதனால் பெரிய குற்றி பிளக்கும் கோடரியாக அது மாறாது. ஆனால் குறி தவறினால் முழங்காலுக்கு வராமல் நிலத்தில் விழுகிறது, அந்த ஒரு காரணத்துக்காகவே எனக்கு நீளம் பிடிக்கும்.

பிடிக்குப் பூசும் எண்ணெய்க்கு அம்மா தேங்காய் எண்ணெய்ப் போத்தலை நீட்டினா. அது காயாது, பிசுபிசுத்துப் பிறகு சிக்கு மணம் வரும். வார்னிஷ் கையை வழுக்கும். பெயின்ட் கடையில் லின்சீட் (ஆளிவிதை) எண்ணெய் வாங்கி மெல்லிசாகத் தேய்த்துத் துடைத்து, ஒவ்வொரு பூச்சுக்கும் நடுவே இரண்டு மூன்று நாள் காயவிடுங்கள். துடைத்த துணியைக் கசக்கி மூலையில் எறிய வேண்டாம், அது தானாகச் சூடேறித் தீப்பிடிக்கும், வெளியே விரித்துக் காயப்போடுங்கள். வெள்ளவத்தை ஃபிளாட்டில் நான் அதை பல்கனிக் கொடியில் போட்டேன், கீழ்வீட்டு அன்ரி மணம் தாங்காமல் மேலே வந்து கதவைத் தட்டினா. கதவைத் திறந்தபோது என் கையில் டொமஹாக் இருந்தது.